சுருட்டி எடுத்துப் போகும் வெளிப்பாய்: டிச் பட்டன் வைத்து வீட்டிலேயே தைக்க ஒரு முழு வழிகாட்டி

கடற்கரைக்கோ பூங்காவுக்கோ கிளம்பும்போது பெரும்பாலான வீடுகளில் கையில் எடுப்பது ஒரு பழைய பெட்ஷீட், இல்லையென்றால் ஜமக்காளம். உலர்ந்த தரையென்றால் இரண்டுமே போதும், புதிதாக எதுவும் தைக்க வேண்டியதில்லை. சிக்கல் ஈரத் தரையில்தான். மழை ஓய்ந்த புல்வெளியில் ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஈரம் மேலே ஏறிவிடும், மணல் நெசவுக்குள் புகுந்துகொண்டு வீடு வரை கூடவே வரும், மடிக்கும்போது அழுக்குப் பக்கமும் உட்காரும் பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடையில் விற்கும் பிக்னிக் பாய்களில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அவற்றில் பல வெல்க்ரோவில் மூடுகின்றன. வெல்க்ரோவுக்கு மணலும் காய்ந்த புல்லும் ஆகவே ஆகாது. கொக்கிகளுக்குள் புகுந்து அடைத்துக்கொண்டால் அப்புறம் பிடிப்பு போய்விடும். டிச் பட்டனில் மணல் பட்டாலும் ஒரு ஊது ஊதினால் சரியாகிவிடும்.

ஆகவே டிச் பட்டன் வைத்த பாய். சில ஊர்களில் இதையே பிரஸ் பட்டன் என்பார்கள். தைப்பது கடினமில்லை, நேர்த்தையல் மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும்: அடியில் வரும் நீர்புகாத் துணியில், நான்கு ஓரங்களைத் தவிர, எங்கேயும் ஊசியும் படக்கூடாது, பட்டனும் படக்கூடாது. ஒவ்வொரு ஊசித் துளையும் தண்ணீர் ஏறும் வழி. கீழே சொல்லியிருக்கும் அளவு, தைக்கும் வரிசை, பட்டனின் இடம் எல்லாமே இந்த ஒன்றை வைத்துத்தான் அமைந்திருக்கின்றன.

அளவும் மடிப்பும்

விரித்தால் 54 அங்குல அகலம், 60 அங்குல நீளம். இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் நடுவில் ஒரு சாப்பாட்டுப் பையும் தாராளமாகக் கொள்ளும். 54 என்று வைத்ததற்குக் காரணம், கேன்வாஸும் ரெயின்கோட் துணியும் பெரும்பாலும் 58 அல்லது 60 அங்குல பன்னாவில், அதாவது துணி அகலத்தில், கிடைக்கும். சுருங்கியது போக, ஓரம் வெட்டியது போக 54 நிச்சயம் மிஞ்சும், நடுவில் ஒட்டுப் போட வேண்டியதில்லை. படுக்கவும் வேண்டும் என்றால் நீளத்தை 72 ஆக்கிக்கொள்ளுங்கள், சுருள் கொஞ்சம் பருக்கும், அவ்வளவுதான்.

மடிப்பது இப்படி. உட்காரும் பக்கம் மேலே இருக்க, இடது மூன்றில் ஒரு பங்கை நடுவின் மேல் மடிக்கிறோம், அதன் மேல் வலது பங்கை. இப்போது 18 அங்குலச் சொச்ச அகலத்தில் ஒரு நீளப் பட்டை கிடைக்கும். வெளியே தெரிவது முழுக்க அடித்துணி. அதை ஒரு முனையிலிருந்து சுருட்டினால் அழுக்கு அழுக்கோடு மட்டுமே உரசும், உட்காரும் பக்கம் உள்ளேயே பத்திரமாக இருக்கும்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம். மூன்று பங்கையும் சமமாக 18, 18, 18 என்று வைத்தால் உள்ளே போகும் பங்கின் ஓரம் எதிர் மடிப்பில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நடுப்பங்கு 18½, கடைசியாக மேலே வரும் வலது பங்கு 18, முதலில் உள்ளே போகும் இடது பங்கு 17½ என்று வைத்தால் மொத்தம் அதே 54, மடிப்பு மட்டும் முறுக்கில்லாமல் படியும்.

தடிமனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருளைச் சுருட்டினாலும் ஒவ்வொரு முழுச் சுற்றிலும் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட அதிக தூரம் போகிறது. அந்த வித்தியாசம் தடிமனைப் போல ஆறு மடங்குக்குக் கொஞ்சம் மேல், சுருள் பெரிதோ சிறிதோ கணக்கு ஒன்றுதான். 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பாய் மூன்றாக மடிந்தால் 9 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு சுற்றுக்கு ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல். இந்த உபரித் துணி உள்பக்கம் சுருக்கமாகத்தான் ஒதுங்க முடியும். பாயின் மேல் துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து நெருக்கிக் குறுக்குத் தையல் போட்டுவிட்டால் ஒதுங்க இடமில்லாமல் சுருள் கோணிக்கொள்ளும். அடித்துணியை ஓரத்தில் மட்டும் பிடித்துவிட்டால் அது தன் போக்கில் நகரும். ஆக, தண்ணீருக்காக விட்ட தையல் சுருட்டுவதற்கும் உதவுகிறது. மெத்தென்று இருக்க வேண்டும் என்று ஒரு அங்குல ஃபோம் வைக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

துணிகள்

மேல் துணிக்கு நடுத்தரக் கனமுள்ள காட்டன் கேன்வாஸ், இரண்டேகால் மீட்டர். நாடா தவிர மூலைப் பைகள், ஓரப்பட்டி எல்லாவற்றையும் இதிலிருந்தே எடுத்துவிடலாம். திரைச்சீலைக்குப் போடும் கனமான கேஸ்மென்ட்டும் நன்றாக இருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோடவுன் தெரு இருக்கிறது, ஈரோடு, கரூர் பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பஞ்சமே இல்லை. நடுத்தர நிறமாக எடுங்கள், வெள்ளையில் டீ கொட்டினால் கறை போகாது, கறுப்பு வெயிலில் உட்கார முடியாமல் சுடும்.

பவானி ஜமக்காளத்தையே மேல் துணியாக வைத்தால் என்ன என்று தோன்றும். பார்க்க அழகுதான், உழைக்கவும் உழைக்கும். ஆனால் மூன்றாக மடிக்கும்போது கனம் தாங்காது, ஓரத்தில் வீட்டு மெஷின் திணறும். ஜமக்காளத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் அடியில் விரிக்க ரெயின்கோட் துணியில் ஒரு விரிப்பு மட்டும் தைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நடுவில் வைக்க மெல்லிய ஃபிளீஸ் போர்வை. குளிர்காலத்தில் தெருவோரம் குவித்து விற்பார்களே, அந்த ஒற்றைப் போர்வை ஒன்று போதும். பஞ்சு ஷீட் வைத்தால் நெருக்கமாகத் தையல் போட வேண்டும், இல்லையென்றால் நாளடைவில் திரண்டு கட்டியாகிவிடும். பழைய காட்டன் புடவையை அடுக்கி வைப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தான், ஆனால் நனைந்தால் காய நாளாகும், வெளிப்பாய்க்குச் சரிப்படாது. ஃபிளீஸ் பாலியஸ்டர், தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, சீக்கிரம் காய்ந்துவிடும், வெட்டிய ஓரம் பிரியவும் பிரியாது.

அடித்துணிக்கு கோட்டிங் உள்ள நைலான் அல்லது பாலியஸ்டர், அதாவது ரெயின்கோட் துணி, ஒன்றேமுக்கால் மீட்டர். பைக் கவர் தைக்கும் துணி இன்னும் கொஞ்சம் தடிமன், கரடுமுரடான தரைக்கு அதுவே மேல். தார்ப்பாயை நான் சொல்ல மாட்டேன். அசைந்தால் சரசரவென்று சத்தம், ஊசி போன வரிசையிலேயே கிழியும். ரெக்சின் கனம், வெயிலில் பிசுபிசுக்கும், மடிப்பு விழுந்த இடத்தில் நாளடைவில் வெடிக்கும். கடையிலேயே துணியைக் குழி மாதிரி பிடித்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடியில் கையை வைத்துப் பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஒரு அங்குல அகல நாடா இரண்டு மீட்டர். பைக்குத் தைக்கும் பிளாஸ்டிக் நூல் நாடா போதும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், காட்டன் நூல் ஈரத்தில் இற்றுப்போகும்.

பட்டனைத் தேர்ந்தெடுப்பது

ஜாக்கெட்டில் கையால் தைக்கும் சின்ன டிச் பட்டன் இதற்கு ஆகாது. பல் பல்லாக வளையம் உள்ள வகை ஒன்று உண்டு, குழந்தைகளின் சட்டையில் பார்த்திருப்பீர்கள், அது மெல்லிய துணிக்கு. நமக்கு வேண்டியது நடுவில் தண்டு உள்ள வகை, ஜெர்கினிலும் கனமான பைகளிலும் வருவது. கடையில் 24 லைன் என்று கேளுங்கள். 40 லைன் என்றால் ஒரு அங்குலம், ஆக 24 என்பது சுமார் 15 மில்லிமீட்டர், ஒரு அங்குல நாடாவில் இருபக்கமும் இடம் விட்டு அழகாக உட்காரும்.

ஒரு செட்டில் நான்கு உறுப்பு. மேலே தெரியும் மூடி, அதற்குப் பின்னால் உட்காரும் குழி. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பாதி. குமிழும் அதன் பின்னால் வரும் தண்டும் சேர்ந்து மறுபாதி. கடைக்காரர்கள் ஆண், பெண் என்று சொல்லிக் கொடுப்பார்கள். குழிக்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங் கம்பி இருக்கும், குமிழின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு டிச் என்று சத்தம் தருவது அதுதான். ஜெர்மனியில் ஹெரிபர்ட் பவுவர் என்பவர் 1885-ல் ஆண்களின் கால்சட்டைக்காகக் காப்புரிமை வாங்கிய சங்கதிதான் டிச் பட்டன், அடிப்படை இன்னும் பெரிதாக மாறவில்லை.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் போங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். உப்புக் காற்று படும் ஊர்களில் முலாம் போனதும் துரு இறங்கி நாடாவில் பழுப்புக் கறையாகப் படியும். பித்தளையில் காந்தம் ஒட்டாது, விலை கூடுதல், ஆனால் வேண்டியது நான்கே செட் என்பதால் பித்தளையே வாங்கிவிடுங்கள். குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங் மட்டும் லேசாக ஒட்டினால் பரவாயில்லை. பிளாஸ்டிக் டிச் பட்டன் துருப்பிடிக்காது, கையடக்கமான இடுக்கியிலேயே அடித்துவிடலாம், ஆனால் அதன் தண்டு குட்டை, இரட்டை நாடாவில் சரியாக மடங்காமல் இறுக்கிச் சுருட்டும்போது கழன்றுவிடும். குழந்தைத் துணிகளுக்கு அது சரி.

தண்டின் நீளம்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுவது. நாடாவை இரண்டாக மடித்து அதில் தண்டைச் செருகினால் மறுபக்கம் சுமார் 3 மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். குறைவாக நின்றால் மடங்கிப் பிடிக்க உலோகம் போதாது, கூடினால் அடிக்கும்போது பக்கவாட்டில் சாயும். நாடாத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். கூடவே அடிக்கும் கருவியும் கேளுங்கள், குழிவான ஒரு சின்ன அடிக்கட்டையும் ஒரு கம்பியும் சேர்ந்து வரும், பட்டனின் அளவுக்கே பொருந்தியதாக இருக்க வேண்டும்.

மெஷின்

பழைய கறுப்புத் தலை கால் மெஷின் வீட்டில் இருந்தால் அதையே தூசி தட்டுங்கள். கேன்வாஸ் விஷயத்தில் இப்போது வரும் பிளாஸ்டிக் உடம்பு மெஷின்களைவிட அது நன்றாக இழுக்கும். ஊசி 16-ம் நம்பர், நாடா சேரும் இடங்களில் 18. தையல் நீளம் அங்குலத்துக்கு எட்டு. கோட்டிங் துணியில் இதைவிட நெருக்கமாகப் போட்டால் அஞ்சல் தலை ஓரம் மாதிரி துளை வரிசையாகி, இழுத்ததும் கிழியும்.

கோட்டிங் துணியில் குண்டூசி குத்தாதீர்கள், அந்தத் துளை மூடாது. துணி காயப்போடும் கிளிப், இல்லையென்றால் ஃபைலுக்குப் போடும் கறுப்பு கிளிப் போதும். இஸ்திரிப் பெட்டியும் அதன்மேல் படக்கூடாது, உருகி ஒட்டிக்கொள்ளும்.

வெட்டுவது

முதலில் கேன்வாஸை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் காயப்போட்டு, லேசான ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். இதைத் தவிர்க்கவே முடியாது. காட்டன் சுருங்கும், அடித்துணி சுருங்காது. தைத்தபின் முதல் மழையிலேயே மேல் துணி சுருங்கிவிட்டால் அடித்துணி தொளதொளவென்று தொங்கும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

கேன்வாஸை 54 × 60 வெட்டி, நான்கு மூலையும் நேராக இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. அடித்துணியைச் சுற்றிலும் ஒரு அங்குலம் கூட விட்டு 56 × 62 வெட்டுங்கள், கடைசியில் நறுக்கிக்கொள்ளலாம். ஃபிளீஸை மூன்று நீளப் பட்டைகளாக, ஒவ்வொன்றும் 60 நீளம், அகலம் இடது பங்குக்கு 17¼, நடுப்பங்குக்கு 17⅞, வலது பங்குக்கு 17⅝. ஓரத்தில் ஒன்றும் குறைக்காமல் அடுத்தடுத்து வைத்தால் இடது மடிப்பில் அரை அங்குலமும், இரண்டு அடுக்கைத் தாண்டி மடிய வேண்டிய வலது மடிப்பில் முக்கால் அங்குலமும் வெற்றிடம் கிடைக்கும்படி இந்தக் கணக்கு. மடிப்புக் கோட்டில் ஃபிளீஸ் இல்லாததால் பாய் தானாகவே அந்த இடத்தில் படிந்து மடியும்.

மீதிக் கேன்வாஸில் மூலைப் பைக்கு 7 அங்குலச் சதுரம் நான்கு, ஓரப்பட்டிக்கு 2½ அங்குல அகலப் பட்டைகள். பாயின் சுற்றளவு 228 அங்குலம், மூலைத் திருப்பமும் ஒட்டும் சேர்த்து 240 வேண்டும், ஐந்து பட்டை வெட்டினால் கொஞ்சம் மிஞ்சும். கிராஸில், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, வெட்ட வேண்டுமா என்றால் வேண்டாம். மூலையை வட்டமாக வெட்டுபவர்களுக்குத்தான் கிராஸ் பட்டி தேவை, நேர் ஓரத்துக்கு நேர்ப் பட்டியே நன்றாகப் படியும். ஆனால் பட்டைகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது மட்டும் சாய்வாகத் தையுங்கள், அப்போதுதான் ஒரே இடத்தில் முடிச்சு மாதிரி தடிக்காது.

மேல் துணியும் ஃபிளீஸும்

கேன்வாஸை நல்ல பக்கம் கீழே இருக்க விரித்து, ஃபிளீஸ் பட்டைகளை அதனதன் இடத்தில் வைத்து, கையால் நீளமாக ஒரு நூலோட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே குண்டூசியும் போடலாம், தடையில்லை. பிறகு ஒவ்வொரு பட்டையின் உள் ஓரத்தை ஒட்டியும் நீளவாக்கில் ஒரு தையல். மடிப்புக்கு இரண்டாக மொத்தம் நான்கு கோடு. அதன்பின் அகலவாக்கில் 12 அங்குலத்துக்கு ஒன்றாக நான்கு கோடு. சுருள் போகும் திசைக்குக் குறுக்காக இந்தக் கோடுகள் வருவதால் சுருட்டும்போது துணி அங்கங்கே நன்றாக வளையும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துக்கொண்டு வந்தால் சுருக்கம் வெளியே தள்ளப்படும். இவ்வளவு பெரிய துணி மெஷின் கழுத்துக்குள் போகாது என்று பயப்பட வேண்டாம், வலதுபக்கம் வரும் துணியை இறுக்கிச் சுருட்டி கிளிப் போட்டுவிட்டால் போகும்.

மூலைப் பை என்பது காற்றுக்காக. கடற்கரையில் காற்று எழும்பும் நேரத்தில் பாயின் ஓரம் தூக்கிக்கொண்டே இருக்கும். 7 அங்குலச் சதுரத்தைக் குறுக்காக முக்கோணமாய் மடித்து, மடிந்த ஓரத்தில் ஒரு தையல் விட்டு, நேர் ஓரங்கள் பாயின் மூலையோடு சேர, மடிந்த ஓரம் நடுவைப் பார்க்கும்படி மேல் துணியின் நல்ல பக்கத்தில் வைத்துத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மணலையோ ஒரு கல்லையோ உள்ளே போட்டுவிடலாம். சாவி வைக்கவும் சிலருக்கு உதவும், எடுக்க மறக்காமல் இருந்தால்.

அடித்துணியைச் சேர்ப்பதும் ஓரப்பட்டியும்

அடித்துணியைத் தரையில் கோட்டிங் பக்கம் மேலே தெரிய விரியுங்கள். கோட்டிங் இல்லாத துணிப்பக்கம்தான் தரையில் உரச வேண்டும், கோட்டிங் உள்ளே போனால்தான் நாள்பட நிற்கும். அதன்மேல் ஃபிளீஸ் பக்கம் கீழே இருக்க மேல் துணியை வைத்து, சுற்றிலும் கிளிப் போட்டு, ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு சுற்றுத் தையல் போடுங்கள். அடித்துணியை இழுத்துப் பிடிக்காமல் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கும் அடித்துணியை இப்போது நறுக்கிவிடலாம்.

கோட்டிங் துணி மெஷின் தட்டில் ஒட்டிக்கொண்டு நகராமல் படுத்தினால் லேசாக முகப்பவுடர் தூவுங்கள், இல்லையென்றால் அடியில் ஒரு பட்டர் பேப்பர் துண்டை வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் கிழித்துவிடுங்கள்.

நாடாவில் 28 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டி, நுனிகளை மெழுகுவத்திச் சுடரில் காட்டி உருக்கி மூடிக்கொள்ளுங்கள். 54 அங்குல ஓரம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் நடுப்பங்கில் மட்டும், இரண்டு மடிப்புக் கோட்டிலிருந்தும் உள்ளே 4 அங்குலம் தள்ளி, அடித்துணிப் பக்கத்தில் நாடாவின் நுனியை ஓரத்தோடு சேர்த்து வைத்துப் பிடியுங்கள். நாடாவின் உடல் இப்போதைக்குப் பாயின்மேல் படுத்திருக்கும்.

ஓரப்பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, வெட்டிய ஓரங்கள் பாயின் ஓரத்தோடு சேர, அடித்துணிப் பக்கத்தில் வைத்து, ஓரத்திலிருந்து ⅜ அங்குலத்தில் தைத்துக்கொண்டு போங்கள். மூலை வர ⅜ அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, பின்தையல் போட்டு, துணியை வெளியே எடுத்துவிடுங்கள். பட்டியைச் சாய்வாக மேல்நோக்கி மடித்து, பின் அடுத்த ஓரத்தோடு சேரும்படி கீழே மடித்து, ஓரத்திலிருந்தே மறுபடி தையலைத் தொடங்குங்கள். இப்போது பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பட்டியை மேல் துணிப் பக்கம் திருப்பினதும் மூலை தானாகக் கூராக மடிந்துவிடும். திருப்பிய பட்டியின் மடிப்பு ஓரம் முதல் தையலைத் தாண்டி மூடும்படி கிளிப் போட்டு, மேலிருந்து ஓரத்தை ஒட்டித் தைத்து முடியுங்கள்.

மூலைகளில் பையும் பட்டியும் சேர்ந்து அடுக்குகள் கூடிவிடும். அங்கே பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பி ஒவ்வொரு தையலாகப் போடுங்கள். மெஷின் பாதம் மேட்டில் ஏறும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு தையல் நகராமல் நிற்கும். பாதத்தின் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு கேன்வாஸ் துண்டை மடித்து அண்டைக் கொடுத்தால் மட்டமாகி ஓடும். இதைக் கவனிக்காமல்தான் பலர் ஊசியை உடைக்கிறார்கள்.

கடைசியாக இரண்டு நாடாவையும் வெளிப்பக்கம் திருப்பி, ஓரப்பட்டியின் மேலேயே இரண்டு வரிசை தையல் போட்டுவிடுங்கள். இனி நாடா பாயிலிருந்து நேராக வெளியே நீட்டி நிற்கும்.

சுருட்டிப் பார்த்துப் பட்டன் அடிப்பது

இவ்வளவு நேரம் பட்டனைத் தொடவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நாடாவின் நீளத்தையும் பட்டனின் இடத்தையும் காகிதத்தில் கணக்கிட்டு முன்கூட்டியே அடிப்பது வேலைக்கு ஆகாது. சுருளின் விட்டம் ஐந்தரை முதல் ஆறு அங்குலம் வரும், ஆனால் உங்கள் துணியின் தடிமனும் நீங்கள் சுருட்டும் இறுக்கமும் ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் வித்தியாசம் காட்டிவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சுருட்டவும் மாட்டார்கள். நீங்கள் மட்டும் இறுக்கிச் சுருட்டி அளந்தால் மற்றவர் கையில் பட்டன் எட்டாது. அதனால் வழக்கமாக யார் சுருட்டுவார்களோ அவரைவிட்டுச் சுருட்டச் சொல்லி அளப்பது நல்லது.

இடது பங்கு, வலது பங்கு என்ற வரிசையில் மடித்து, நாடா இல்லாத முனையிலிருந்து சுருட்டிக்கொண்டு வாருங்கள். நாடா உள்ள முனை வெளியே வந்து முடியும். நாடாவை அதே திசையில் சுருளைச் சுற்றிக் கொண்டுவந்தால் அது புறப்பட்ட இடத்தின் மேலேயே வந்து படும். இதில்தான் விஷயமே இருக்கிறது: மூடியும் குழியும் நாடாவின் நுனியில், குமிழ் அதே நாடாவின் அடிப்பகுதியில். பட்டனின் இரண்டு பாதியும் நாடாவிலேயே வந்துவிடுவதால் பாயில் ஒரு ஓட்டைகூட விழவில்லை.

ஓரப்பட்டியிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி நாடாவின் வெளிமுகத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி, அதிலிருந்து இன்னும் ஒரு அங்குலம் தள்ளி இரண்டாவது புள்ளி. இரண்டிலும் குமிழ் வரும், ஒன்று தளர்வான சுருளுக்கு, ஒன்று இறுக்கமானதற்கு. சுற்றி வந்த நுனி இரண்டாவது புள்ளியைத் தாண்டி முக்கால் அங்குலம் நீட்டி நிற்கும்படி பார்த்து, அதற்கு மேல் ஒரு அங்குலம் மடிப்புக்கு விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். நுனியை உள்பக்கம் ஒரு அங்குலம் மடித்துத் தைத்தால் பட்டன் இரட்டை நாடாவில் உட்காரும். குமிழ் வரும் இடத்திலும் உள்பக்கமாக ஒரு துண்டு நாடாவை வைத்துத் தைத்து இரட்டையாக்கிக்கொள்ளுங்கள். நீட்டி நிற்கும் அந்த நாக்கு கட்டைவிரல் பிடிக்க. டிச் பட்டனின் குணம் இது: பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் விடாது, ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கினால் உடனே விட்டுவிடும். சுருளின் இறுக்கம் பக்கவாட்டில் இழுக்கிறது, நாம் திறப்பது நாக்கைத் தூக்கி.

துளை போட நாடாவை வெட்டாதீர்கள். ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இடுக்கியில் பிடித்துக் குத்தினால் நூல் உருகி ஓரம் பிரியாமல் நிற்கும். துளை தண்டின் பருமனுக்கு மட்டும் இருக்கட்டும், பெரிதானால் பட்டன் ஒருநாள் துளையோடு கழன்று வரும்.

அடிப்பதற்கு முன் எது எந்தப் பக்கம் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்: நுனியில் மூடி வெளிமுகம், குழி உள்முகம், அடிப்பகுதியில் குமிழ் வெளிமுகம், தண்டின் தலை உள்முகம். மீந்த நாடாவில் ஒரு செட்டை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் உண்மையான நாடாவில் கை வைக்க வேண்டும். குமிழ் நான்கு, மூடி இரண்டு என்பதால் இரண்டு மூடி உங்களிடம் மிஞ்சவே செய்யும், சோதனைக்கு அதைப் பயன்படுத்துங்கள். குமிழுக்கு மட்டும் கூடுதலாக ஒரு செட் வாங்கி வைத்திருப்பது நல்லது.

டைல்ஸ் தரையில் வைத்து அடிக்க வேண்டாம், தரை விரிசல் விடும். வாசற்படிக் கல்லிலோ, தரையில் அழுத்தமாக நிற்கும் கனமான மரக்கட்டையிலோ கருவியின் அடிக்கட்டையை வையுங்கள். மூடியை அதன் குழிவில் கவிழ்த்து, அதன்மேல் நாடா, அதன்மேல் குழி, கம்பியை நேர்க்குத்தாக நிறுத்தி நடுத்தர வேகத்தில் இரண்டு மூன்று அடி. ஓங்கி ஒரே அடி அடித்தால் தண்டு சாய்ந்துவிடும். சரியாக அடிபட்ட தண்டு பூ விரிவது போல நாலாபக்கமும் சமமாக உருண்டு மடிந்திருக்கும். விரலால் மூடியைத் திருகிப் பாருங்கள், சுற்றினால் இன்னும் ஒரு அடி வேண்டும். சாய்ந்து மடிந்துவிட்டால் திரும்ப அடித்து நிமிர்த்த முயல வேண்டாம், பின்பக்கம் மடிந்த உலோகத்தைக் கட்டிங் பிளேயரால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி எடுத்துவிட்டு புதிதாகப் போடுங்கள்.

கைப்பிடிக்கு 16 அங்குல நாடா. இரண்டு நாடாவையும் பூட்டி, பட்டனுக்கு நேர் எதிர்ப்பக்கம் குறித்துக்கொண்டு, கைப்பிடியின் இரு நுனியையும் ஒவ்வொரு நாடாவின் மேலும் வைத்து, சதுரமும் அதன் நடுவே பெருக்கல் குறியுமாகத் தையுங்கள். தூக்கும்போது கனம் நாடாவில்தான் இறங்கும், பாயின் ஓரத்தில் இறங்காது.

அப்புறம் பராமரிப்பு

புதிதில் பட்டன் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பத்து இருபது முறை பூட்டித் திறந்தால் பழகிவிடும். அதற்குப் பிறகும் விறைத்தால் குமிழின் கழுத்தில் துளி வாசலின் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கடற்கரை போய் வந்தால் பட்டன்களை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள், பித்தளையாக இருந்தாலும் உப்பு பச்சை பூக்கவைக்கும்.

பாயை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், கோட்டிங் உரிந்துவிடும். மேல் பக்கத்தைச் சோப்பு நுரையில் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, கொடியில் அடித்துணிப் பக்கம் நிழலைப் பார்க்கும்படி காயப்போட்டால் போதும். ஈரத்தோடு சுருட்டி இரண்டு நாள் வைத்தால் கேன்வாஸில் கரும்புள்ளி பூஞ்சை வரும், அது போகவே போகாது. வழியில் வேறு வழியில்லாமல் ஈரத்தோடு சுருட்டினாலும் வீட்டுக்கு வந்ததும் விரித்துவிடுங்கள்.

நாளடைவில் முதலில் தளர்வது குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான். அப்போது அந்த ஒரு பாதியை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, மிஞ்சிய மூடியையும் குழியையும் அதே துளையில் அடித்துக்கொள்ளலாம். துளை பெரிதாகிவிட்டதாகத் தோன்றினால் அடியில் இன்னொரு துண்டு நாடாவை வைத்துத் தைத்துவிட்டு அடியுங்கள், அதற்கேற்ப நீளத் தண்டாகக் கடையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.